கியாஸ் போய் கரண்ட் அடுப்பு வந்தால் லாபமா? உங்கள் வீட்டு மீட்டர்தான் சொல்லும்!

சென்னை,

"என்னங்க, சிலிண்டர் தீர்ந்து போச்சு!"

சென்னையில் காலை 6 மணிக்கு இந்தக் குரல் ஒரு நாளாவது கேட்காத வீடு கிடையாது. பால் பாதி காய்ச்சலில் நிற்கும். பையனுக்கு டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். ஆபீஸ் போகிறவர் ரெயிலைப் பிடித்தாக வேண்டும். அடுத்த சிலிண்டர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் அலமாரியின் மேல் தூசு படிந்து கிடக்கும் இண்டக்சன் அடுப்பு கீழே இறங்குகிறது. சுவிட்சைப் போட்டதும் 3 நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கிறது. தீ இல்லை. புகை இல்லை. கரி இல்லை.

உடனே வீட்டில் ஒரு யோசனை பிறக்கிறது: "பேசாம இதுலயே சமைச்சுட்டா என்ன? சிலிண்டர்காரனுக்குக் காத்துக் கிடக்க வேணாமே!"

நல்ல யோசனைதான். ஆனால் எல்லா வீட்டுக்கும் நல்ல யோசனை அல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்கு லாபம் கொடுக்கும் அதே அடுப்பு உங்கள் வீட்டுக்கு நட்டம் கொடுக்கலாம். காரணம் அடுப்பில் இல்லை. வாசலில் தொங்கும் மீட்டர் பெட்டியில் இருக்கிறது.

எப்படி? இதோ கணக்கு.

ஒரு லிட்டர் தண்ணீர்

முதலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்போம்.

கியாஸ் அடுப்பில் எரிகிற சூடு முழுவதும் பாத்திரத்துக்குப் போவதில்லை. பாத்திரத்தின் ஓரமாக ஏறி, சமையல் அறையைச் சூடாக்கிவிட்டு ஜன்னல் வழியே போய்விடுகிறது. நல்ல அடுப்பு என்றால் ஆய்வுக்கூடச் சோதனையில் 68 சதவீத சூடாவது பாத்திரத்தில் ஏற வேண்டும் என்பது இந்திய தர நிர்ணய விதி. வீட்டில் காற்று அடிக்கும், பர்னர் ஓட்டை அடைத்திருக்கும். ஆகவே 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இண்டக்சன் அடுப்பில் கதையே வேறு. கண்ணாடித் தட்டுக்குக் கீழே தாமிரக் கம்பிச் சுருள் இருக்கிறது. வீட்டுக் கரண்ட் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடும். இந்த அடுப்பு அதை வினாடிக்கு 20 ஆயிரம் முறைக்கும் மேலாக மாற்றிச் சுருளுக்குள் அனுப்புகிறது. அப்போது உண்டாகும் காந்த சக்தி பாத்திரத்தின் அடிப்பாகத்திலேயே கரண்டை ஓடவிட்டு அதைச் சூடாக்குகிறது. அடுப்பு சுடுவதில்லை. பாத்திரமே அடுப்பாகிவிடுகிறது! ஆகவே சுமார் 85 சதவீத சூடு சமையலுக்கே போகிறது.

கணக்குப்படி இண்டக்சனில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். அதாவது ஒரு யூனிட் கரண்டில் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கியாசில் ஒரு லிட்டருக்கு 10, 11 கிராம் ஆகிறது.

2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் விலை ரூ.868.50 ஆனது. அந்த விலையில் ஒரு லிட்டர் வெந்நீருக்கு கியாஸ் செலவு ஏறக்குறைய 65 பைசா.

கரண்டில் எவ்வளவு? இங்கேதான் வேடிக்கை. ஒரு வீட்டில் அது இலவசம். இன்னொரு வீட்டில் 47 பைசா. மூன்றாவது வீட்டில் 94 பைசா!

அதே தண்ணீர். அதே அடுப்பு. அதே கரண்ட். விலை மட்டும் வீட்டுக்கு வீடு வேறு!

நாலு வீடு, நாலு பில்

தமிழ்நாட்டில் வீட்டுக்கான மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. ஏற ஏற யூனிட் விலை கூடும்.

2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பின், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35. 201 முதல் 400 வரை ரூ.4.70. அடுத்த 100-க்கு ரூ.6.30. (2025 ஜூலையில் வந்த உயர்வை வீடுகளுக்குப் போடாமல் அரசே ஏற்றுக்கொண்டது.)

500-ஐத் தாண்டினால் 501 முதல் 600 வரை ரூ.8.40. 601 முதல் 800 வரை ரூ.9.45. அதற்கும் மேலே 1,000 வரை ரூ.10.50.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் செலவாகும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அந்தச் சமையல் முழுவதையும் இண்டக்சனில் செய்தால் 130 முதல் 140 யூனிட் வரை கூடும். 140 என்றே வைத்துக்கொள்வோம்.

* முதல் வீடு: ஒரு பேன், இரண்டு லைட், ஒரு டி.வி. இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். இதுவரை பில் பூஜ்யம். இண்டக்சன் வந்தபின் 200 யூனிட். பில் 235 ரூபாய். 868 ரூபாய் சிலிண்டருக்குப் பதிலாக 235 ரூபாய்! கொழுத்த லாபம்.

* இரண்டாவது வீடு: பிரிட்ஜ், மிக்சி, வாஷிங் மெஷின் உண்டு. 200 யூனிட். அது 340 ஆகும். பில்லில் கூடுவது 658 ரூபாய். இங்கும் லாபம்தான். 200 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

* மூன்றாவது வீடு: ராத்திரி மட்டும் ஏ.சி. 400 யூனிட். அது 540 ஆகும். பில் 1,175 ரூபாயில் இருந்து 2,376 ரூபாய்க்குத் தாவும். கூடுதல் 1,201 ரூபாய். சிலிண்டரை விட 330 ரூபாய்க்கு மேல் நட்டம்!

* நாலாவது வீடு: இரண்டு ஏ.சி., கீசர். 700 யூனிட். அது 840 ஆகும். கூடுதல் 1,365 ரூபாய். இவர்கள் கியாசை விடவே கூடாது.

நாலு வீட்டிலும் வெந்தது ஒரே அளவு சோறுதான்.

உஜ்வலா திட்டத்தில் இணைப்பு வாங்கியவர்கள் கணக்கு கொஞ்சம் வேறு. அவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் கிடைத்தது. மானியம் போக 2025 ஏப்ரல் விலையில் சிலிண்டர் ரூ.568.50. ஆகவே முதல் வீட்டைப் போல இருந்தால் மட்டுமே அவர்களுக்கு இண்டக்சன் லாபம். இரண்டாவது வீட்டைப் போல இருந்தால் கியாசே மலிவு.

501-வது யூனிட்

மூன்றாவது வீட்டில் அடி இவ்வளவு பலமாக விழுந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதுதான் 501-வது யூனிட்.

500 யூனிட் ஓடிய வீட்டுக்குப் பில் 1,805 ரூபாய். இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் பில் ரூ.2,048.40!

ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாயா என்று கேட்கலாம். ஆமாம். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரை உள்ள ரூ.2.35 சலுகை போய்விடுகிறது. அந்த 100 யூனிட்டுக்கும் ரூ.4.70 வீதம் பின்னால் இருந்து கணக்கு வந்து சேருகிறது. 501-வது யூனிட்டுக்கு ரூ.8.40 தனி.

பத்து லிட்டர் வெந்நீருக்காக 243 ரூபாய் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

ஆகவே எல்லைக்கோடு இதுதான்: இண்டக்சன் இல்லாமலேயே இரண்டு மாதத்தில் 360 யூனிட் வரை ஓடும் வீடு முழுச் சமையலையும் மாற்றலாம். 140 சேர்ந்தாலும் 500-க்குள் நிற்கும். கூடுதல் செலவு அதிகபட்சம் 818 ரூபாய். அதற்கு மேல் ஓடும் வீடு முழுசாக மாறினால் கையைச் சுடும்.

ஒரு சிலிண்டர் 45 நாளில் தீர்ந்துபோகும் பெரிய குடும்பம் என்றால் கூடுவது 180 யூனிட்டுக்கு மேல். அவர்களுக்கு எல்லைக்கோடு 310 யூனிட்.

இன்னொன்று. டிசம்பர், ஜனவரியில் பேன் கூட மெதுவாகத்தான் சுற்றும். ஏ.சி. ஓடாது. மீட்டர் குறையும். அந்த மாதங்களில் இண்டக்சனில் தாராளமாகச் சமைக்கலாம். ஏப்ரல், மே கத்திரி வெயிலில் ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடும். அப்போது கியாசுக்குத் திரும்பிவிடுவது புத்திசாலித்தனம். ஒரு வீட்டிலேயே ஒரு சீசனில் லாபமான அடுப்பு மறு சீசனில் நட்டமாகும்.

வாடகை வீட்டு வயிற்றெரிச்சல்

முதல் வீட்டுக்கு 235 ரூபாயில் இரண்டு மாதச் சமையல் முடிந்துவிடுகிறது என்று பார்த்தோம். ஒரு பேன், இரண்டு லைட் உள்ள வீடு யாருடையது? பெரும்பாலும் ஏழை, நடுத்தரக் குடும்பம். அதாவது இந்த அடுப்பால் அதிக லாபம் பெற வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஆனால் பெறுகிறார்களா?

திருவல்லிக்கேணி சந்திலோ, வியாசர்பாடியிலோ, சைதாப்பேட்டையிலோ ஒரே காம்பவுண்டில் 5, 6 குடித்தனம் இருக்கும் வீடுகள் ஏராளம். பல காம்பவுண்டுகளில் மின்சார வாரிய மீட்டர் ஒன்றுதான். அது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். குடித்தனக்காரர்களுக்கு சப்-மீட்டர் மாட்டிவிடுவார்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் சட்டம்.

"ஏன் சார், நூறு யூனிட் ப்ரீதானே?" என்று கேட்டால், "அது என் மீட்டருக்கும்மா. உனக்கு இல்ல. இஷ்டம் இருந்தா இரு" என்று பதில் வரும். அதற்கு மேல் யார் பேசுவது? 10 மாத அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறதே!

வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 140 யூனிட்டுக்கு 1,120 ரூபாய். தனி மீட்டர் உள்ள அதே அளவு வீட்டில் அதே சமையலுக்கு ஆகும் செலவு 235 ரூபாய்.

ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் 235. அந்தப் பக்கம் 1,120!

வீட்டுக்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்வார்கள். நாலு குடித்தனமும் ஒரே மீட்டரில் ஓடினால் மொத்த யூனிட் ஆயிரத்தைத் தாண்டும். மேல் படியில் யூனிட்டுக்கு ரூ.11.55 வரை அவர் கட்ட வேண்டியிருக்கும். "நான் கையில இருந்தா போட முடியும்?" என்பது அவர் கேள்வி.

ஆக, பொது மீட்டரில் இருக்கிற குடித்தனக்காரர்கள் இண்டக்சன் பக்கம் போகாமல் இருப்பதே மேல். அரசு கொடுக்கும் இலவச 100 யூனிட் ஒரு இணைப்புக்குத்தான், ஒரு குடும்பத்துக்கு அல்ல. புது வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பது போலவே, "தனி சர்வீஸ் உண்டா?" என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

காந்தம் ஒட்டுமா?

கணக்கு சரிப்பட்டு வந்தாலும் அடுத்த தடை பாத்திரம்.

பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் இண்டக்சன் வேலை செய்யும். அலுமினியம், பித்தளை, வெண்கலம், தாமிரம், மண்சட்டி, கல்சட்டி எதுவும் ஆகாது. பொங்கலுக்கு வைத்திருக்கும் வெண்கலப் பானைக்கு வேலை இல்லை. ரசத்துக்கு ஈயச் சொம்பு வைக்க முடியாது. மீன்குழம்பு மண்சட்டியில் கொதிக்காது.

எவர்சில்வரிலும் இரண்டு ரகம் உண்டு. சிலதில் காந்தம் ஒட்டும், சிலதில் ஒட்டாது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ரங்கநாதன் தெருவிலோ புரசைவாக்கத்திலோ பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அடியில் வைத்துப் பாருங்கள். கப்பென்று பிடித்தால் வாங்குங்கள். நழுவினால் விட்டுவிடுங்கள்.

பழைய அலுமினிய குக்கர் ஆகாது. அடியில் இரும்புத் தகடு பதித்த இண்டக்சன் குக்கர் தனியாக வருகிறது. இரும்பு தோசைக்கல் ஆகும். ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் குழிந்த பாட்டி காலத்துக் கல் கண்ணாடியில் சரியாக உட்காராது.

அப்பளம் சுட முடியாது. கத்திரிக்காய் சுட முடியாது. புல்கா உப்பாது. இதற்கெல்லாம் தீ வேண்டும்.

பழைய பாத்திரங்களை விட மனம் இல்லாதவர்களுக்கு, கம்பி சிவக்கும் சாதாரண மின் அடுப்பு இருக்கிறது. அதில் எந்தப் பாத்திரமும் வைக்கலாம். ஆனால் அது இண்டக்சனை விட அதிக கரண்ட் தின்னும். தட்டில் கை பட்டால் தோல் உரியும்.

பிளக் பாயிண்ட் புகைகிறதா?

2,000 வாட் இண்டக்சன் அடுப்பு முழு வேகத்தில் ஓடினால் 8.7 ஆம்ப்ஸ் கரண்ட் இழுக்கும். மிக்சி போடும் சின்ன பிளக் 5, 6 ஆம்ப்ஸ் மட்டுமே தாங்கும். அதில் மாற்றுப் பின்னைச் செருகி இண்டக்சன் போடுகிறவர்கள் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள்.

முதலில் பிளக் சூடாகும். பிறகு பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். அதையும் கவனிக்காவிட்டால் சுவருக்குள் ஒயர் உருகும். மின்கசிவால் தீ என்று பேப்பரில் வரும் செய்திகளில் பல இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

15, 16 ஆம்ப்ஸ் பவர் பிளக் தனியாக வேண்டும். அதற்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் வேண்டும். எர்த் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மயிலாப்பூர், மண்ணடிப் பக்கம் உள்ள பழைய வீடுகளில் ஒயரிங்கை எலெக்ட்ரீசியனிடம் காட்டாமல் இண்டக்சன் மாட்டாதீர்கள்.

காலையில் கீசர், இண்டக்சன், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் டிரிப் ஆகும். "குளிச்சுட்டு வா, அப்புறம் தோசை" என்று வரிசை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணாடியில் கீறல் விழுந்தால் அன்றோடு அடுப்பை நிறுத்திவிட வேண்டும். உள்ளே பால் இறங்கினால் ஷாக் அடிக்கலாம். அடிப்பக்கக் காற்று ஓட்டை வழியாகக் கரப்பான்பூச்சி புகுந்து போர்டைச் சுட்டுவிடுவதும் உண்டு. ராத்திரி அடுப்பைத் துடைத்து, குளிர்ந்தபின் மூடி வையுங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இண்டக்சன் பக்கம் நிற்கக் கூடாது.

'ஸ்டவ் வெடித்து...'

அடுப்புக்கும் போலீஸ் நிலையத்துக்கும் பழைய சொந்தம் உண்டு.

மண்எண்ணெய் பம்பு ஸ்டவ் காலத்தில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்ற செய்தி மாலைப் பத்திரிகைகளில் வாடிக்கை. சிலது விபத்து. சிலது விபத்து போலக் காட்டப்பட்ட வரதட்சணைக் கொடுமை. 1983-ல் கணவர் வீட்டுக் கொடுமைக்கும், 1986-ல் வரதட்சணைச் சாவுக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் வந்தன. கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை என்பதும் சட்டத்தில் ஏறியது.

கியாஸ் வந்தபின் பம்பு ஸ்டவ் போயிற்று. ஆபத்து முழுசாகப் போகவில்லை. சமையல் கியாஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள்.

நாற்றம் வந்தால் லைட்டைப் போடாதீர்கள். எரிகிற லைட்டை அணைக்கவும் செய்யாதீர்கள். சுவிட்சில் வரும் சின்னப் பொறி போதும், வீடே பற்றிவிடும். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே நின்று 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கியாஸ் கசிவுக்கென்றே உள்ள அவசர எண் அது.

இண்டக்சனில் இந்த பயம் இல்லை. தீ இல்லாததால் சேலைத் தலைப்பு, நைட்டி பற்றாது. பாத்திரத்தை எடுத்ததும் அடுப்பு தானாக நின்றுவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், மறதியாகக் கியாசைத் திறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில், பில் கொஞ்சம் கூடினாலும் இண்டக்சன் வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. உயிருக்கு யூனிட் கணக்கு பார்க்க முடியாது.

கரண்ட் போனால்?

2023 டிசம்பர் 4-ந் தேதியை சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மிச்சாங் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் வெள்ளம். பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சோறு போட்டது சிலிண்டர்தான்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமே என்றால் முடியாது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் பேன், லைட்டுக்கு மட்டும்தான். 2,000 வாட்டைத் தாங்காது.

ஆகவே கியாஸ் இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுசாக மாறுவது சென்னைக்குச் சரிப்படாது. ஒரு சிலிண்டர் எப்போதும் இருக்கட்டும்.

அதேபோல கியாசை மட்டுமே நம்புவதும் ஆபத்து. நாட்டுக்குத் தேவையான சமையல் கியாசில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளில் இருந்து. அங்கே குண்டு வெடித்தால் இங்கே குக்கர் விசில் நின்றுவிடும். மூலையில் ஒரு இண்டக்சன் இருந்தால் அந்த நேரத்தில் கை கொடுக்கும்.

புகை எங்கே போகிறது?

"கரண்ட் அடுப்பில் புகையே இல்லை" என்று பெருமைப்படுகிறவர்கள் ஒரு முறை எண்ணூர் பக்கம் போய்வரலாம்.

உங்கள் சமையல் அறையில் புகை இல்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கரண்டின் ஒரு பகுதி அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து வருகிறது. அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்து, மீனவர் வலையில் மண்ணைப் போட்ட கதை ஊருக்கே தெரியும். காற்றாலை, சூரிய மின்சாரம் கூடக் கூடத்தான் இது மாறும். அதுவரை புகை நம் வீட்டை விட்டுப் போகிறதே தவிர, ஊரை விட்டுப் போவதில்லை.

கடைக்காரர்களுக்கு

மேலே சொன்ன கணக்கெல்லாம் வீட்டுக்கு மட்டும். டீக்கடை, டிபன் கடைக்குப் பொருந்தாது. கடை இணைப்புக்கு இலவச 100 யூனிட் கிடையாது. கட்டணமும் வேறு. கடை சிலிண்டர் 19 கிலோ, விலையும் வேறு. வீட்டு இணைப்பில் இருந்து ஒயர் இழுத்துக் கடையில் இண்டக்சன் போட்டால் மின்சார வாரியப் பறக்கும் படை வந்து அபராதம் எழுதிவிடும். உங்கள் கடை பில்லில் உள்ள யூனிட் விலையை வைத்துத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

என்ன செய்யலாம்?

அடுப்பு வாங்கக் கிளம்பும் முன் இந்த வேலைகளைச் செய்யுங்கள்:-

* கடந்த ஒரு வருட மின்சார பில்லை எடுங்கள். ஆறு பில் இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள்.

* சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். எத்தனை நாளில் தீர்கிறது என்று தெரிந்துவிடும்.

* ஒரு சிலிண்டருக்கு 140 யூனிட் என்று கூட்டிப் பாருங்கள். 500-க்குள் நின்றால் வாங்கலாம். தாண்டினால் பாதிச் சமையலை மட்டும் மாற்றலாமா என்று பாருங்கள். காபி, டீ, வெந்நீர், பால் இவற்றை மட்டும் இண்டக்சனில் வைத்தாலே சிலிண்டர் கூடுதல் நாள் வரும்.

* ரீடிங் எடுத்து ஒரு மாதம் ஆனதும் நீங்களே மீட்டரைப் பாருங்கள். பாதி நாளில் 250-ஐத் தாண்டியிருந்தால் மீதி நாளுக்குக் கியாஸ்தான்.

* விலை மாறினால், கட்டணம் மாறினால் கணக்கும் மாறும். புது பில் வந்ததும் மறுபடி ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

கடையில் விற்பவர், "அண்ணே, கியாசை விட பாதி செலவுண்ணே!" என்பார். அவர் சொல்வது பொய் என்று சொல்ல முடியாது. யாரோ ஒருவர் வீட்டில் அது உண்மையாக இருக்கும். அது உங்கள் வீடா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் விளம்பரத்தில் இல்லை. மீட்டர் பெட்டிக் கதவைத் திறந்து பாருங்கள். சிவப்பு விளக்கு மினுக்கு மினுக்கென்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.